பத்தொன்பது கிலோமீட்டர்

என் வாழ்நாளில் நான் ஒழுங்காகப் பாதுகாத்த ஒரே பொருளை, அது நின்ற இடத்திலேயே வந்து இடித்தவன் என் மச்சான். அதுவும் ஃபோர்டைக் கொண்டுவந்து இடித்தான். எங்கள் ஊரில் இந்த இரண்டாவது வாக்கியம்தான் செய்தி. முதல் வாக்கியத்துக்கு யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள்.

மச்சான் பெயர் ரோலி. என் மனைவி க்ளெனிஸின் அண்ணன். அறுபத்தெட்டு வயது, தனி ஆள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். எங்கள் எலிசபெத் ஊரில் ஹோல்டன் கார் ஆலை ஓடிய காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷம் வேலை பார்த்தோம். கதவு, பானெட், பின்கதவு எல்லாம் சட்டத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று இடைவெளிகளை விரலால் தடவிப் பார்ப்பது என் வேலை. பெயின்டில் விழுந்த தூசியைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. வரிசை வரிசையான வெள்ளை விளக்குகளுக்கு நடுவில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பான். கடுகில் பாதி இருக்கும் தூசி, பத்தடி தள்ளி நின்றாலும் அவனிடமிருந்து தப்பாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவன் முன்னால் தும்மவே பயப்படுவார்கள்.

அப்படிப்பட்டவன் எதிரிக் கம்பெனியின் ஆள், ஃபோர்டுக்காரன். பிறவியில் வந்த கோளாறு. அவன் அப்பாவுக்கும் இருந்தது. ஹோல்டனில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஃபோர்டு ஃபால்கனில் வேலைக்கு வருவான். வண்டியை ஆலையின் கடைசி வேலியோரம், யூகலிப்டஸ் மரத்தடியில் விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் நடந்து வருவான். மரத்திலிருந்து கலாக் கிளிகள் அதன்மேல் எச்சம் போடும். கக்கூஸ் எதுவென்று கிளிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது என்போம். அவனோ, கிளிகளுக்கு உயர்ந்த இடத்தில் உட்கார்ந்துதான் பழக்கம் என்பதுபோல ஒரு சிரிப்பு சிரிப்பான். எங்கள் கல்யாணத்தில்கூட மணமகளை ஏற்றிவந்த வண்டி ஹோல்டன் என்பதால் அதில் ஏற மறுத்துப் பின்னாலேயே தன் வண்டியில் வந்தவன். சர்ச் வாசலில் நாங்கள் நிற்கும் பழைய படத்தில் அவன் ஃபால்கனின் மூக்கு ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். க்ளெனிஸ் அந்தப் பக்கத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிட்டாள்.

ஆலையை மூடப்போகிறார்கள் என்று தெரிந்தபின் நான் ஒரு யூட் வாங்கப் பெயர் கொடுத்தேன். முன்பாதி செடான், பின்பாதி சரக்குத் தொட்டி. எட்டு சிலிண்டர், ஆறு புள்ளி இரண்டு லிட்டர், கையால் போடும் ஆறு கியர், கருஞ்சிவப்பு நிறம். வரிசையில் என் வண்டியின் கூடு எந்த எண்ணில் வருகிறது என்று, பிரசவ வார்டு வாசலில் நிற்பவன்போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என் இடத்துக்கு வந்த அன்று கதவு இடைவெளியை நான்தான் தடவிப் பார்த்தேன். சொந்தப் பிள்ளையின் பரீட்சைத் தாளைத் திருத்தும் வாத்தியார் மாதிரி முழு மதிப்பெண் போட்டேன்.

விற்பனைக் கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்தது பத்தொன்பது கிலோமீட்டர். அதோடு சரி. ஷெட்டில் விட்டேன், பருத்தித் துணியைப் போர்த்தினேன், பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் மாட்டினேன். சீட்டில் பிளாஸ்டிக் உறை, தரையில் காகிதம், கண்ணாடியில் தொங்கும் அட்டை, ஒன்றையும் எடுக்கவில்லை. ஏழு வருஷம்.

எனக்கு மட்டும் பிடித்த பைத்தியம் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் ஷெட் ஷெட்டாகப் போய்க் கதவைத் தூக்கினால், ஓடாத வண்டிகள் ஒரு ஊர்வலத்துக்கே தேறும். முடிதிருத்துகிறவரிடம் இரண்டு இருக்கின்றன. இதுதான் கடைசி, இனி இந்த நாட்டில் இப்படி ஒன்றைச் செய்யப்போவதில்லை, கிலோமீட்டர் ஏறினால் போயிற்று என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் இருந்த நினைப்பு. எதற்காக வைத்திருக்கிறாய் என்று க்ளெனிஸ் கேட்டால், ஒரு நாள் நல்ல விலைக்கு விற்க என்பேன். இன்னொரு நாள், நான் வேலையை விட்டதும் நாம் இரண்டு பேரும் ஸ்ட்ரீக்கி பே வரைக்கும் கடலோரமாகப் போக என்பேன். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் வேலையை விடவில்லை. அறுபத்து மூன்று வயதில் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி பொறுக்குகிறேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. இரண்டு நாளில் யூட்டின் வாழ்நாள் ஓட்டத்தைத் தாண்டிவிடுவேன். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. முட்டிக்குப் பிளாஸ்டிக் உறை யாரும் போடவில்லை.

ரோலி சனிக்கிழமை தோறும் காலையில் பேக்கரியில் சுடச்சுட, இறைச்சி அடைத்த பாஸ்டி வாங்கிக்கொண்டு வருவான். தின்றுகொண்டே பழைய சண்டையைப் போடுவோம். சண்டையின் தொடக்கம் எங்கள் இருவருக்கும் முந்தியது. முப்பதுகளில் ஒரு விவசாயியின் மனைவி கார் கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளாம்: ஞாயிறு நனையாமல் சர்ச்சுக்குப் போகவும், திங்கள் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டியாகச் செய்து கொடுங்கள் என்று. அந்தக் கடிதம் வந்தது ஃபோர்டுக்கு என்பதால் யூட்டே தங்கள் சொத்து என்பது ரோலியின் வாதம். கடிதம் வந்தது உங்களுக்கு, வண்டி வந்தது எங்களுக்கு என்பது என் வாதம்.

உண்மையைச் சொன்னால், அந்த அம்மாள் இப்போது வந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேரையும் செருப்பால் அடிப்பாள். அவள் கேட்டது பன்றி ஏற்ற. நாங்கள் அதில் செடானின் பெரிய எஞ்சினைத் தூக்கி வைத்தோம். பிறகு அதைவிடப் பெரியதை வைத்தோம். சக்கரம் வருஷா வருஷம் ஒரு அங்குலம் வளர்ந்தது, டயர் சப்பையானது, வண்டி தரையோடு படுத்தது. தொட்டிக்கு மேல் பூட்டு வைத்த மூடி வந்தது. ஃபோர்டுக்காரர்கள் தங்கள் யூட்டுக்குக் கடைசிவரை பின்னால் பட்டை ஸ்பிரிங்கையே வைத்திருந்தார்கள். பாரம் தாங்கும், வளைவில் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும். நாங்கள் பின் சக்கரம் இரண்டையும் செடான்போலத் தனித்தனியாக ஆடவிட்டோம். வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். "உன் யூட்டுல ரெண்டு மூட்டை சிமெண்ட் போட்டா உக்காந்துடும்டா, மாசமான பூனை மாதிரி" என்பான் ரோலி. அவன் ஃபால்கனோ நான்கு லிட்டர், ஆறே சிலிண்டர், டர்போ வைத்த செடான். எட்டை ஆறு முந்திவிடும் என்று அவனும், முந்துவது ஆறில்லை, உள்ளே அடைத்த காற்று என்று நானும், இருபது வருஷம்.

அந்த ஜூன் மாதச் சனிக்கிழமை வானமும் சாம்பல், என் ஷெட்டின் ஷட்டரும் சாம்பல். நான் அடுக்களையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். ஃபால்கன் திரும்பி உள்ளே வரும் சத்தம் கேட்டது. வழக்கமாக நிற்கும் இடத்தில் சத்தம் நிற்கவில்லை. அப்புறம் தகரத்தை யாரோ மடித்தமாதிரி ஒரு நீளமான ஓசை.

ஓடினேன் என்று எழுத ஆசைதான். முட்டி விட்ட வேகத்தில் நடந்தேன். ஃபால்கனின் மூக்கு ஷட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு பாதி ஷெட்டுக்குள் இருந்தது. ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகியது. ஷட்டரின் மறுபக்கம், போர்த்திய துணியோடு, என் யூட்டின் பின்கதவு நடுவில் குழிந்திருந்தது. பெரிய குழி இல்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. ரோலி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் பாஸ்டிப் பை சாயவேயில்லை; அவ்வளவு மெதுவாகத்தான் வந்திருக்கிறான். பிரேக்கில் கால் போகவேயில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"கால் வழுக்கிடுச்சு" என்றான்.

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஏழு வருஷம் அடக்கி வைத்தது வர வேண்டிய இடத்தில், தேநீர் ஆறுது வா என்று வந்தது. சோர்ந்தவனுக்குக் கோபமும் அரைநாள் லீவு எடுத்துக்கொள்கிறது.

இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் செய்ய எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது ரோலி என் கையைப் பிடித்தான்.

"யார் ஓட்டுனதுன்னு கேப்பாங்க, நெவ். நீதான்னு சொல்லிடு."

"எது, உன் ஃபோர்டையா?"

"ஆமா."

"நான் ஃபோர்டு ஓட்டிட்டு வந்து, என் ஷெட்டுல, என் ஹோல்டனையே இடிச்சேன்னு. இதுக்கு நான் செத்துப்போயிடலாம்டா மச்சான்."

"நீ ஒரு தடவ செத்தாப் போதும். எனக்கு லைசென்ஸ் போச்சுன்னா தினமும்."

பிறகு விஷயத்தைச் சொன்னான். இந்த வயதில் ஒரு விபத்து பதிவானால் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் போனால், குவீன்ஸ்லாந்தில் இருக்கும் மகன் அடுத்த விமானத்தில் வந்து, அவனை டவுன்ஸ்வில்லுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்பா தனியாகச் சமாளிக்க முடியாத அன்றே என்னோடு வந்துவிட வேண்டும் என்று போன வருஷமே பேசி முடித்துவிட்டானாம். நல்ல பையன், அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்தால் மறுத்துவிடலாம். அங்கே போனால் தெரிந்த முகம் ஒன்று கிடையாது, வருஷம் பூரா வேர்வை, தெருவில் நிற்பது எல்லாம் ஜப்பான் வண்டி, சண்டை போட ஒரு ஹோல்டன் நாய்கூட இருக்காது என்றான். அந்த நாய் நான்தான்.

சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு பொய். அதற்கு விலை என் மானம். அதில் பெரிதாக மிச்சமும் இல்லை. போனைக் கையில் எடுத்தேன். முதலில் குழியைச் சரியாகப் பார்த்துவிடுவோம், எப்படிச் சொல்வது என்று யோசித்த மாதிரியும் ஆகும் என்று ஷெட்டுக்குப் போனோம்.

துணியை விலக்கினேன். பின்கதவின் உள்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி உண்டு. அதைக் கழற்றினால் குழியை உள்ளிருந்து கையால் தள்ளிப் பார்க்கலாம். ஆலையில் பூட்டிய திருகாணி, ஏழு வருஷம் கழித்தும் வழிவிட்டது. மூடியை எடுத்து, கைவிளக்கை உள்ளே அடித்தேன்.

கறுப்புப் பேனாவில் எழுத்து. ஆலையின் கடைசி மாதங்களில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. கூடுகளின் உள்பக்கத்தில், மூடி வந்து மறைக்கப்போகும் இடங்களில், ஆளாளுக்குப் பெயர் எழுதுவார்கள். யாரும் எப்போதும் பார்க்கப்போவதில்லை என்பதால் கூச்சமில்லாமல் எழுதுவார்கள். ஒருவர் தன் செத்துப்போன நாயின் பெயரை நாற்பது வண்டியில் எழுதினார். ஆனால் என் பின்கதவில் இருந்தது ரோலியின் கோழிக் கிறுக்கல். உரக்கப் படித்தேன்.

"இதோட பெயின்டைப் பாஸ் பண்ணது ஒரு ஃபோர்டுக்காரன். மழையில ஓட்டிப் பாரு மச்சான், கரையாது."

ரோலி ஷெட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தான்.

"நீ எங்கேயாவது ரெண்டு தட்டு தட்டி, சரிபண்ணக் கழட்டுவேன்னு நெனச்சேன்டா. மிஞ்சிப்போனா ஒரு வருஷம். இப்படி மம்மி பண்ணி வெப்பேன்னு யாரு கண்டா."

"ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்துட்டு நீயே வந்து தட்டிட்ட."

அதற்கு அவன் சிரிக்கவில்லை. கையை உள்ளே விட்டு எழுத்தைத் தேடித் தடவினான். பேனா மையைத் தடவினால் என்ன தெரியும். நான் கைவிளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அவன் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால், சண்டையில் இருக்கும் சேவல் மாதிரி பார்த்தான். எழுத்துக்கு ஒரு சாண் தள்ளி விரல் நின்றது.

அப்போதுதான் க்ளெனிஸ் வந்தாள். முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் முடித்து, தன் சின்னக் கொரிய வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு, சீருடையோடு. ஷட்டரைப் பார்த்தாள். ஃபால்கனைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, யூட்டையும் பார்க்கவில்லை. நேரே அண்ணனுக்கு முன்னால் போய் ஒரு முழ தூரத்தில் நின்றாள். நாள் முழுக்க வயதானவர்களோடு இருப்பவளுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது.

"ரோலி. என் மூஞ்சி தெரியுதா?"

அவன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினான்.

"உன் காது தெரியுது" என்றான்.

அப்புறம் மறைத்ததெல்லாம் வெளியே வந்தது. அவன் கண்ணில் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும் மிச்சம். யாரைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் திட்டு, சுற்றி முடியும் காதும். ஏப்ரலிலேயே டாக்டர் வண்டி ஓட்டாதே என்று சொல்லிவிட்டார். கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள், மாதம் ஒன்று. முதல் இரண்டுக்கு ரயிலில் போய்விட்டு, திரும்பும்போது கட்டுப் போட்ட கண்ணோடு நடைமேடையில் விழுந்திருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது ஊசி வரும் வியாழக்கிழமை. இத்தனை நாளாக என்னோடு பேசும்போது வேலியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறானே, ஏதோ மனஸ்தாபம் போல என்று நினைத்திருந்தேன். மனஸ்தாபம் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; கேட்க எனக்குச் சோம்பல். நாற்பது வருஷப் பழக்கத்தின் லட்சணம் இதுதான்.

க்ளெனிஸ் அழவில்லை. இன்றைக்கு ஷட்டர், நாளைக்குப் பள்ளிக்கூட வாசல் என்று மட்டும் சொன்னாள். சாவியைக் கேட்டுக் கை நீட்டினாள். அவன் சாவியைச் சட்டைப்பைக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டான், பிடிவாதக்காரக் குழந்தை மாதிரி.

"கொடுத்துட்டா நான் டவுன்ஸ்வில்தான், க்ளென்."

"இவன் கூட்டிட்டுப் போவான். ஊசிக்கும் கடைக்கும் எல்லாத்துக்கும்."

"எதுல? உன் வண்டி உனக்கு வேலைக்கே பத்தல. இவனே பஸ்ஸுல போறான்."

அதற்குப் பதில் அங்கேயே, கருஞ்சிவப்பாக, எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் மட்டும் என் பூட்ஸைப் பார்த்தேன். மனதுக்குள், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு கணக்கு ஓடியது: குழியைச் சரிசெய்துவிடலாம், பெயின்டும் அடித்துவிடலாம், ஆனால் கிலோமீட்டரைத் திருப்பி வைக்க முடியாது. மச்சானின் கண் ஒரு பக்கம், பத்தொன்பது என்ற எண் ஒரு பக்கம். தராசு உடனே சாய்ந்தது என்று சொன்னால் நல்ல மனிதனாகத் தெரிவேன். உடனே சாயவில்லை.

ரோலிதான் பேசினான். காது அவனுக்கு நன்றாகக் கேட்கிறது. நான் பேசாமல் நின்றதே கேட்டிருக்கும்.

"சரி, ஒரு ஒப்பந்தம். நான் ஓட்டுறத நிறுத்துறேன். நீ ஓட்ட ஆரம்பி."

"இது ரெண்டுக்கும் என்னடா சம்பந்தம்?"

"எனக்குப் பார்வை போகுது, நிறுத்துறேன். உனக்கு என்ன கேடு? எழுபத்தஞ்சு வயசுல இந்த சீட்டுல குனிஞ்சு ஏறுவியா? இப்பவே உன் முட்டி கதவுக் கீலுக்கு முன்னாடி கிறீச்சிடுது."

க்ளெனிஸ் இன்னும் கை நீட்டிக்கொண்டே நின்றாள். நான் ஷெட் சுவரில் ஆணியில் தொங்கிய யூட் சாவியை எடுத்தேன். ஏழு வருஷமாக அந்த ஆணிக்குத்தான் அதில் உரிமை அதிகம். ரோலி தன் சாவியை எடுத்துத் தங்கையின் கையில், கொஞ்சம் தள்ளி, தடவிப் பார்த்து வைத்தான். பிறகு போனைக் கேட்டு வாங்கி, இன்சூரன்ஸ் பெண்ணிடம் தானே பேசினான். வண்டி ஓட்டியது நான், கண் தெரியவில்லை, பெயர் ரோலண்ட், இல்லை அம்மா, யாருக்கும் அடியில்லை, ஒரு ஹோல்டனுக்குத்தான் என்றான்.

பிளாஸ்டிக் உறை லேசில் வரவில்லை. ஏழு கோடையின் சூட்டில் சீட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்த இடத்தில் தோல் மேலே ஒரு வெளுப்பு, பழைய தழும்பு மாதிரி. எஞ்சின் முதல் நாள் கிளம்பவேயில்லை. பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. அதைக் குழாய் போட்டு வடித்து, புதியதை ஊற்றி, வடிகட்டியை மாற்றி, ஞாயிறு முழுக்க இரண்டு கிழவர்களும் அதன் வயிற்றுக்கடியில் கிடந்தோம். நான் சாவியைத் திருப்ப, ரோலி பானெட்டில் காது வைத்துக் கேட்டான். நான்காவது சிலிண்டர் தூங்குகிறது என்றான். கொஞ்ச நேரத்தில் அது விழித்தது. எட்டும் சேர்ந்து பேசியபோது ஷெட்டில் இருந்த பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் தட்டில் அதிர்ந்தன. ரோலி முகத்தைச் சுளித்தான்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

திங்களன்று இழுவை வண்டிக்காரர் ஃபால்கனை ஏற்றிக்கொண்டு போக வந்தார். அதைச் சரிசெய்கிற செலவுக்கு அது மதிப்பில்லை என்று இன்சூரன்ஸில் சொல்லிவிட்டார்களாம். ரோலி வெளியே வரவில்லை. இழுக்க வேண்டாம், தள்ளி ஏற்றுங்கள் என்று சொல்லியனுப்பினான். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தள்ளினோம். ஒரு ஃபோர்டை நான் கைவைத்துத் தள்ளியது அதுதான் முதல் முறை. பானெட் இடைவெளி இடதும் வலதும் ஒரே அளவு; விரல் தானாகப் போய்ப் பார்த்துவிட்டது. அதை அவனிடம் இன்றுவரை சொல்லவில்லை.

செவ்வாயன்று க்ளெனிஸை முதலில் ஏற்றி ஒரு சுற்று போய்வரலாம் என்று கூப்பிட்டேன். இரட்டை ஷிஃப்ட் முடித்து வந்தவள், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டாளாம், இனி மாட்ட முடியாதாம்.

"ஸ்ட்ரீக்கி பே போறதா இருந்தா எழுப்பு" என்று சொல்லிவிட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டாள்.

சொன்ன விதத்தில் குத்தலே இல்லை. அதுதான் குத்தியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரோலி வாசலில் நின்றான். சவரம் செய்து, கோட்டு போட்டு, தலையில் ஃபோர்டுத் தொப்பி. கதவைத் தடவித் திறந்து, உள்ளே உட்கார்ந்து, புது வண்டி வாடையை மூச்சிழுத்துப் பார்த்தான். ஏழு வருஷம் மூடி வைத்த புது வாடை, ஊசிப்போன புது வாடை. பின்கதவின் குழியைச் சரிசெய்யவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். தெரு முனையில் முடிதிருத்துகிறவர் கடையைத் திறந்துகொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் கையில் சாவியோடு அப்படியே நின்றுவிட்டார். பிணம் எழுந்து நடந்தால் ஜனங்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நானூறு குதிரைகளுக்கு மேல் முன்னால் பூட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குப் பின்னால் நாற்பதில் போனோம். சிக்னல், பஸ், சிக்னல். சப்பை டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிவிட்டதால் வண்டி நொண்டியது.

"டங்கு டங்குங்குது" என்றான் ரோலி. "ஹோல்டன்ல இது கூடுதல் வசதியா?"

"மூடிட்டு வா. இல்லன்னா பின்னால பன்னி ஏத்துற எடத்துல ஏத்திடுவேன்."

"ரெண்டு மூட்டைக்கே உக்காந்துடும். நான் மூணு மூட்டை."

மீட்டரில் இருபத்து மூன்று. நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். பழைய ஆலைப் பக்கம் வந்தபோது வானம் இருட்டி, மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையில்லை, பட்டாணியைக் கொட்டுகிற மாதிரி. வைப்பரைப் போட்டேன். ஏழு கோடைச் சூட்டில் அந்த ரப்பர் காய்ந்து சருகாகியிருந்தது. மூன்றாவது வீச்சில் ஒரு பக்கம் கிழிந்து, பாம்புச் சட்டை மாதிரி கண்ணாடியில் ஆடியது. மறுபக்கம் தண்ணீரைத் துடைக்காமல் பூசியது. ஒவ்வொரு திருகாணியையும் எண்ணெய் போட்டுத் துடைத்தவன், வைப்பரை நினைக்கவில்லை. மழையில் ஓட்டுவதாக இருந்தால்தானே நினைக்க.

எனக்கு முன்னால் சாலை இல்லை. நடுவில் ஒரு சாம்பல் திட்டு. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மரம், கொஞ்சம் விளக்குக் கம்பம். ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். எங்கே நிறுத்தினேன் என்று பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகத்தான் தெரிந்தது. ஆலையின் பழைய வேலி.

"ஏன் நின்னுட்ட?" என்றான்.

"ஒண்ணும் தெரியல. வைப்பர் போச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு நேரமாயிற்று. "ஓரத்துல தெரியுதா?"

"ஓரத்துல தெரியுது."

"அவ்வளவுதான் மச்சான். பழகிக்கலாம்."

ஊசிக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. எஞ்சினை அணைத்தேன். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு மையில் எழுதியது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவன் கண்ணாடிப் பக்கம் முகத்தை ஒருக்களித்துத் திருப்பி, கருஞ்சிவப்பு பானெட் இருக்கும் திசையை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"கரையுதா?" என்றான்.

"தெரியலடா."

"எனக்கும்."